கேள்வி–பதில்: மனித உரிமை மீறலும் மறுக்கப்படும் விசாவும்

இலங்கையின் முன்னாள் படைத் தளபதிகள் மூவருக்கும் கருணா அம்மானுக்கும் பிரிட்டன் அரசு 2025 மார்ச்சில் பயணத் தடை விதித்ததிலிருந்து, அது பற்றிய கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. புனலூர், குளத்துப்புழா, குமுளி, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், நகரி என எல்லையோரத் தமிழர்கள் எழுதியவையே அவற்றுள் மிகுதி. இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளாமல் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

வாசகி ஒருவர், குளத்துப்புழா: என் தாத்தா சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, இங்குள்ள மறுவாழ்வுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். அங்கேயே தங்கிவிட்ட எங்கள் உறவினர் சிலர் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, கடைசிப் போரில் சிக்கிக்கொண்டார்கள். சவேந்திர சில்வாவுக்கு அமெரிக்கா தடை போட்டது என்கிறார்களே, அது தண்டனையா? அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது?

அது நீதிமன்றம் விதிக்கும் தண்டனை அன்று. இன்னாரைத் தன் மண்ணில் கால்வைக்க விடுவதில்லை என்று ஒரு நாடு காரணம் சொல்லிப் பிறப்பிக்கும் நிர்வாக ஆணை. இலங்கை இராணுவத் தளபதியாக அப்போது பதவியில் இருந்த சவேந்திர சில்வாவின் பெயரை 2020 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்டது. 2009-இல் போரின் இறுதிக் கட்டத்தில் அவருக்குக் கீழிருந்த 58-ஆவது படைப்பிரிவு சட்டத்துக்குப் புறம்பான கொலைகளில் ஈடுபட்டது என்றும், தலைமை வகித்தவர் என்ற முறையில் அவருக்கு அதில் பொறுப்பு உண்டு என்றும் நம்பத்தகுந்த தகவல் இருப்பதாக அந்த அறிவிப்பு கூறியது. அவரோடு அவருடைய நெருங்கிய குடும்பத்தாரும் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதியற்றவர்கள் ஆயினர். இலங்கை அரசு கடுமையாக ஆட்சேபித்தது. அவர் பதவியில் நீடித்தார், பின்னர் முப்படைகளின் பிரதானியாகவும் உயர்ந்தார்.

இதற்குப் பயன்பட்ட சட்டப்பிரிவு இருக்கும் இடம் சற்று வியப்பளிப்பது. அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் சட்டத்துக்குள் 7031(சி) என்ற எண்ணோடு அது இருக்கிறது. ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறும்போதெல்லாம் கூடவே புதுப்பிக்கப்படுகிறது. அயல்நாட்டு அரசு அதிகாரி ஒருவர் பெரும் ஊழலிலோ கொடிய மனித உரிமை மீறலிலோ ஈடுபட்டார் என்று நம்பத்தகுந்த தகவல் வெளியுறவு அமைச்சரிடம் இருந்தால், அவர் விசா கேட்டு விண்ணப்பித்திருந்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், அவரும் குடும்பத்தாரும் தகுதியற்றவர்களாகக் குறிக்கப்படுவர். அதைப் பகிரங்கமாக அறிவிக்கலாம். வெளியே சொல்லாமல் கோப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

இந்தப் பிரிவின்படி கைது இல்லை, அபராதம் இல்லை, சொத்து முடக்கமும் இல்லை. கையில் விசா இருந்தால் அது ரத்தாகும். அமெரிக்க விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் விசா வேண்டும் என்பதால் அந்த வழியாக வேறு நாட்டுக்குப் போவதும் நின்றுவிடும். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்ப நினைத்திருந்தால் அதுவும் நடக்காது. அதிகாரிகள் பலருக்கு உண்மையில் உறைப்பது இந்தக் கடைசி விஷயம்தான் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் இதே சில்வா, போர் முடிந்த மறு ஆண்டே ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க்கில் பணியேற்றவர். அங்கே தமிழர்கள் அவர் மீது தொடுத்த உரிமையியல் வழக்கை, தூதர்களுக்குரிய சட்டப் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்று கூறி 2012-இல் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று வழக்கிலிருந்து தப்ப உதவிய நாடே எட்டு ஆண்டுகள் கழித்து உள்ளே வராதே என்றது.

பிரிட்டன் 2025 மார்ச் 24 அன்று எடுத்த நடவடிக்கை இதைவிட ஒரு படி கூடுதலானது. சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய, புலிகளிடமிருந்து 2004-இல் பிரிந்து துணைப்படை நடத்திய விநாயகமூர்த்தி முரளிதரன் என்ற கருணா ஆகிய நால்வருக்கும் பயணத் தடையோடு சொத்து முடக்கமும் சேர்ந்து வந்தது. கனடா அதற்கு முன்பே, 2023 ஜனவரியில், மகிந்த ராஜபக்ச, கோத்தபாய ராஜபக்ச ஆகிய இரு முன்னாள் ஜனாதிபதிகளையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. உயர்மட்ட அரசியல் தலைமையைத் தொட்டது கனடாதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசகர் ஒருவர், குமுளி: செய்திகளில் ‘மாக்னிட்ஸ்கி சட்டம்’ என்று அடிக்கடி வருகிறது. அது யாருடைய பெயர்?

செர்கெய் மாக்னிட்ஸ்கி மாஸ்கோவில் வரிக் கணக்குகளைத் தணிக்கை செய்துவந்தவர். ஹெர்மிட்டேஜ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனங்களைச் சிலர் போலி ஆவணங்களால் கைப்பற்றி, அவற்றின் பெயரில் அரசுக் கருவூலத்திலிருந்து 23 கோடி டாலர் அளவுக்கு வரித் தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்பதை அவர் கண்டறிந்தார். இதில் காவல்துறை அதிகாரிகளுக்கும் பங்கு உண்டென்று வாக்குமூலம் கொடுத்தார். 2008 நவம்பரில் அவரையே வரி ஏய்ப்புக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். சிறையில் கணையத்தில் நோய் கண்டு, உரிய சிகிச்சை கிடைக்காமல், 2009 நவம்பர் 16 அன்று தம் 37-ஆவது வயதில் இறந்தார். இறந்தவர் மீது வழக்கை நடத்தி 2013-இல் ரஷ்ய நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பும் சொன்னது.

அந்த நிறுவனத்தின் தலைவரான பில் பிரவுடர் விடாமல் முயன்றதன் விளைவாக, மாக்னிட்ஸ்கியின் மரணத்தோடு தொடர்புடைய ரஷ்ய அதிகாரிகளுக்கு விசா மறுத்துச் சொத்தை முடக்கும் சட்டத்தை 2012 டிசம்பரில் அமெரிக்கா இயற்றியது. அதே மாதத்திலேயே, ரஷ்ய அநாதைக் குழந்தைகளை அமெரிக்கர்கள் தத்தெடுக்கக் கூடாது என்று மாஸ்கோ எதிர்ச்சட்டம் போட்டது. அதிகாரிகளின் பயணத்துக்கு விழுந்த தடைக்கு ஈடாக யாருமில்லாத பிள்ளைகளின் வாழ்வு பணயமானது. இந்த விவகாரத்தில் என் மனத்தை மிகவும் உறுத்துவது அதுதான். 2016-இல் அமெரிக்கச் சட்டம் எல்லா நாட்டாருக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் அதிபர் ஆணை 2017 டிசம்பரில் வெளியானது. கனடா 2017-இலும், பிரிட்டன் 2020 ஜூலையிலும், ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரிலும், ஆஸ்திரேலியா 2021 டிசம்பரிலும் ஏறத்தாழ இதே போன்ற ஏற்பாடுகளைச் செய்துகொண்டன.

ஆகவே, மேலே சொன்ன 7031(சி) பிரிவையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அதிகாரிகளையும் அவர்தம் குடும்பத்தையும் நாட்டுக்குள் விடாமல் தடுப்பதோடு நிற்கிறது. இது அதிகாரி அல்லாதவரையும் அமைப்புகளையும்கூடப் பிடிக்கும். டாலரில் எந்தப் பணப் பரிமாற்றமும் நடக்காதபடி வங்கிக் கணக்குகளையும் முடக்கிவிடும்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர், செங்கோட்டை: குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்காமலேயே பெயரை உலகறிய வெளியிடுவது இயற்கை நீதிக்கு ஏற்றதா? ‘நம்பத்தகுந்த தகவல்’ என்பது சான்றாகுமா?

ஐம்பது ஆண்டு நீதிமன்றத்தில் நின்றவருக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் வியப்பு. குற்றவியல் வழக்கில் வேண்டப்படும், ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் அளவுக்கான சான்று இங்கே வேண்டப்படுவதில்லை. தூதரக அறிக்கைகள், ஐ.நா. விசாரணைக் குழுக்களின் ஆவணங்கள், உளவுத் தகவல்கள், மனித உரிமை அமைப்புகள் தொகுத்துக் கொடுக்கும் சாட்சியங்கள், செய்தியாளர்களின் ஆய்வுகள் ஆகியவற்றை அதிகாரிகள் சீர்தூக்கிப் பார்த்து அமைச்சரின் ஒப்புதலுக்கு வைக்கிறார்கள். பெயர் குறிக்கப்படுபவருக்கு முன்னறிவிப்பும் இல்லை, எதிர்வாதம் செய்யும் வாய்ப்பும் இல்லை. அயல்நாட்டவர் எவருக்கும் இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமை கிடையாது என்பதே இதற்குச் சொல்லப்படும் சட்ட நியாயம். உரிமை இல்லாத இடத்தில் உரிமை பறிபோனதாகப் பேச முடியாது என்பது அவர்கள் வாதம்.

விசாவை மறுப்பது வரைக்கும் இந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் பெயரையும் குற்றத்தையும் சேர்த்து வெளியிடும்போது விஷயம் விசாவோடு நிற்பதில்லை; ஒருவரின் நற்பெயர் சம்பந்தப்படுகிறது, பிள்ளைகளின் பெயரும் அதில் இழுபடுகிறது. தகப்பன் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு மகளின் படிப்பு தடைப்படுவதை எந்த நீதிமன்றத்திலும் நியாயப்படுத்த முடியாது. குடும்பத்தையும் சேர்ப்பதற்கு, அபகரித்த பணமும் சலுகைகளும் குடும்பத்தார் பெயரில்தான் நகர்கின்றன என்ற காரணம் சொல்லப்படுகிறது. ஊழல் வழக்குகளுக்கு அது சரி. கொலையும் சித்திரவதையும் சார்ந்தவற்றுக்கு அந்தக் காரணம் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வகையில் பிரிட்டனின் ஏற்பாடு மேலானது. அங்கே 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலில் சேர்க்கப்பட்டவர் தம்மை நீக்குமாறு முதலில் அமைச்சரிடம் மனுச் செய்யலாம், மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை லக்சம்பர்க்கில் உள்ள நீதிமன்றம் போதிய ஆதாரம் இல்லை என்று பலமுறை ரத்து செய்திருக்கிறது. அமெரிக்காவில் சொத்து முடக்கம் இருந்தால் அதை நீக்கக் கோருவதற்கு நிதித் துறையில் வழியுண்டு; வெறும் விசாத் தடை என்றால், சூழ்நிலை மாறிவிட்டது என்றோ நாட்டு நலனுக்கு அவசியம் என்றோ வெளியுறவு அமைச்சர் கருதி விலக்களித்தால்தான் உண்டு.

தாய் ஒருவர், கொழிஞ்சாம்பாறை: மேற்படிப்புக்காக என் மகன் சென்னையில் அமெரிக்க விசா நேர்காணலுக்குப் போய், ‘214(பி)’ என்று எழுதிய தாளோடு திரும்பி வந்தான். அவனும் ஏதாவது தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டானா?

இல்லை அம்மா, வீணாகக் கலங்க வேண்டாம். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவான் என்று அதிகாரியின் மனத்தில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பதுதான் அதன் பொருள்; மாணவர்களுக்கு மிகச் சாதாரணமாக நேர்வது. மறுபடியும் விண்ணப்பிக்கலாம். நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆணைகளுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், சித்தூர் (ஆந்திரா): டெக்ஸாஸில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் என் மனைவியும் விண்ணப்பிக்கப் போகிறோம். படிவத்தில் சித்திரவதை செய்தீர்களா, கொலை செய்தீர்களா என்றெல்லாம் கேட்கிறார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். காவல்துறையில் இருந்ததையே சொல்லாமல் விட்டுவிடலாமா?

கூடவே கூடாது. டி.எஸ்.160 என்ற அந்த இணையப் படிவத்தின் பாதுகாப்புப் பகுதியில், சித்திரவதையைச் செய்தோ ஏவியோ துணைநின்றோ இருக்கிறீர்களா, இனப்படுகொலையில் பங்கெடுத்தீர்களா, சட்டத்துக்குப் புறம்பான கொலைகளில் ஈடுபட்டீர்களா, சிறுவர்களைப் படையில் சேர்த்தீர்களா, அரசு அதிகாரியாக இருந்தபோது மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது உண்மைதான். இவை உங்களுக்காக எழுதியவை அல்ல. பள்ளி ஆசிரியையும் பால் வியாபாரியும்கூட அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஆம்’ என்று எவரும் சொல்லப்போவதில்லை என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். பின்னாளில் உண்மை வெளிப்பட்டால், பழைய குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், பொய் சொல்லி விசா பெற்றார் என்ற ஒன்றைக் கொண்டே விசாவை ரத்து செய்யலாம், நாட்டை விட்டு அனுப்பலாம் என்பதுதான் அந்தக் கேள்விகளின் உண்மையான பயன். ஆகவே பணி விவரங்களை உள்ளபடி எழுதுங்கள். முக்கியமான தகவலை வேண்டுமென்றே பொய்யாகச் சொன்னால் நுழைவுத் தகுதி வாழ்நாள் முழுக்கப் போய்விடும். காவல்துறைப் பணிக்காக மட்டும் அமெரிக்கா யாரையும் தகுதியற்றவர் ஆக்குவதில்லை.

கனடா விஷயத்தில் இன்னும் சற்றுப் பொறுமை வேண்டியிருக்கும். இராணுவத்திலோ போலீஸிலோ பாதுகாப்பு அமைப்பிலோ பணியாற்றினீர்களா என்று அவர்கள் படிவம் நேரடியாகவே கேட்கிறது. கைதிகளோ பொதுமக்களோ கொடுமைப்படுத்தப்பட்டதை நேரில் கண்டிருக்கிறீர்களா என்றும் கேட்கிறது. 2010-இல் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஓய்வுபெற்ற வீரர் ஒருவருக்கு, அந்தப் படையையே இழித்துரைக்கும் வாசகத்தோடு கனடியத் தூதரகம் விசா மறுத்ததும், டில்லி கொதித்தெழுந்த பின் கனடிய அரசு வருத்தம் தெரிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2017-இல் சி.ஆர்.பி.எஃப்.-இல் ஐ.ஜி.யாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை, முறையான விசா இருந்தும், வான்கூவர் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். ஒரு மனிதரின் செயலைப் பார்க்காமல் அவர் அணிந்த சீருடையைப் பார்த்து முடிவெடுத்ததால் வந்த பிழைகள் இவை. தனிநபரின் பொறுப்பைக் காரணத்தோடு குறிப்பிடும் ஆணைகள் இவற்றைவிட நேர்மையானவை என்று சொல்வதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் போதும்.

வாசகர் ஒருவர், நகரி: பிரதமர் மோடி குஜராத் முதல்வராக இருந்தபோது அமெரிக்கா விசா மறுத்தது இதே சட்டத்தின்படியா? பிரதமரானதும் எப்படிப் போக முடிந்தது?

வேறு சட்டம். அயல்நாட்டு அரசில் பொறுப்பு வகித்தபோது மதச் சுதந்திரத்தைக் கடுமையாக மீறியவர்களுக்கு விசா இல்லை என்ற விதி, 1998-ஆம் ஆண்டுச் சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்தின் வழியாக அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குள் வந்தது. 2002 குஜராத் கலவரத்தைக் காரணமாகக் காட்டி, 2005 மார்ச் 18 அன்று அவருக்குத் தூதரக விசா மறுக்கப்பட்டது. ஏற்கெனவே இருந்த சுற்றுலா, வணிக விசாவும் ரத்து செய்யப்பட்டது. அப்போது மத்தியில் இருந்தது காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் ஒருவரை இப்படி நடத்தக் கூடாது என்று அந்த அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று சிறப்புப் புலனாய்வுக் குழு 2012-இல் அறிக்கை கொடுத்ததும், உச்ச நீதிமன்றம் அதை 2022-இல் உறுதி செய்ததும் பின்னர் நடந்தவை.

ஆனால் 2014-இல் தடை நீங்கியதற்கு அந்த அறிக்கை காரணம் அன்று. அரசின் தலைவராக அலுவல் முறையில் வருபவர்க்கு உரிய விசா தனி வகை, அதற்கு இந்தத் தகுதியின்மை விதிகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அவர் பிரதமராகத் தேர்வானவுடன் ஒபாமா அழைப்பு விடுத்தார், செப்டம்பரில் பயணமும் நடந்தது. எல்லாத் தலைவர்களுக்கும் இந்தக் கதவு திறந்ததில்லை. ஐ.நா.வின் பொதுச் செயலாளராகவே பத்து ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்த குர்ட் வால்ட்ஹைம், ஆஸ்திரிய அதிபராக இருந்தபோது, நாஜிப் படையில் ஆற்றிய பணிக்காக 1987 ஏப்ரலில் அமெரிக்காவின் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். இறக்கும் வரை அதில் இருந்தார். ஐ.நா. கூட்டத்துக்கு வருபவர்களைத் தடுக்கக் கூடாது என்று 1947-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அமெரிக்காவைக் கட்டுப்படுத்துகிறது. 7031(சி) பிரிவிலும் அதற்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது.

கல்லூரி மாணவர், பாலக்காடு: இந்தியாவிடம் இப்படி ஒரு சட்டம் உண்டா?

கிடையாது. 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின்படி எவரையும் உள்ளே விடாமல் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 1946-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்திலும் இருந்தது. ஆனால் மனித உரிமை மீறல் என்று காரணம் எழுதி, பெயரை வெளியிடும் வழக்கம் இல்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை விதிக்கும் தடைகளையன்றித் தனி நாடுகள் தாமாக விதிப்பவற்றை ஏற்பதில்லை என்பது டில்லியின் நெடுநாள் நிலைப்பாடு. மியான்மர் இராணுவத் தலைவர் மின் ஆங் லைங்குக்கு ரோஹிங்கியா மக்கள் மீது நடந்த கொடுமைகளுக்காக 2019 ஜூலையிலேயே அமெரிக்கா விசாத் தடை விதித்திருந்தும், 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் நம் பிரதமர் அவரைச் சந்தித்தது இந்த நிலைப்பாட்டுக்கு ஏற்பத்தான். அண்டை நாட்டோடு எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் அரசுக்கு வாஷிங்டனுக்கு உள்ள தொலைவு வசதி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு வரியாவது பதிவு செய்யும் வழி நம்மிடம் இல்லாதது குறைதான்.

வாசகர் ஒருவர், புனலூர்: தளபதிகள் அமெரிக்காவுக்குப் போகாவிட்டால் செத்தவர்கள் வந்துவிடுவார்களா? இதெல்லாம் வல்லரசுகள் நடத்தும் கண்துடைப்பு என்கிறேன். மறுக்க முடியுமா?

பாதியை மறுக்கிறேன், பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதலில் மிருசுவிலை எடுத்துக்கொள்வோம். போரால் இடம்பெயர்ந்திருந்த தமிழர்கள் சிலர் தங்கள் வீடுகளின் நிலையைப் பார்த்து வரலாம் என்று 2000 டிசம்பரில் அந்த யாழ்ப்பாணக் கிராமத்துக்குப் போனபோது, சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். நெடுங்காலம் நடந்த வழக்கில் சுனில் ரத்நாயக்க என்ற படைவீரருக்கு மட்டும் 2015-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. போர்க்காலக் கொலைகளில் தீர்ப்பு வரை போன வழக்குகள் இலங்கையில் மிக அரிது. அப்படி வந்த ஒன்றையும் 2020 மார்ச்சில், உலகமே கொரோனா பீதியில் இருந்த வாரத்தில், கோத்தபாய ராஜபக்ச பொதுமன்னிப்பு வழங்கி இல்லாமல் ஆக்கினார்.

2021 டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளில், அமெரிக்கா ரத்நாயக்கவின் பெயரை வெளியிட்டது. பதினொரு இளைஞர்கள் காணாமலாக்கப்பட்ட, திருகோணமலை கடற்படைத் தளத்தோடு தொடர்புடைய வழக்கில் சந்தன ஹெட்டியாரச்சி என்ற கடற்படை உளவு அதிகாரியின் பெயரையும் சேர்த்தது. அதே வழக்கில் கரன்னாகொட மீதான குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று இலங்கைச் சட்டமா அதிபர் (அரசின் தலைமை வழக்கறிஞர்) அந்த ஆண்டு முடிவெடுத்திருந்தார். கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநராகவும் ஆனார். 2023 ஏப்ரலில் அவருக்கும் அமெரிக்கா விசா மறுத்தது. சொந்த நாட்டின் மன்னிப்பு ஆணையும் கைவிடப்பட்ட குற்றப்பத்திரிகையும் அழித்துவிட்ட பதிவை, வெளியே இருக்கும் ஒரு நாடு மறுபடி எழுதி வைத்தது. தீர்ப்பை அது மீட்டுத் தரவில்லை. ஆனால் இறந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை அரசு ஒன்று தன் முத்திரையோடு சொல்லியிருக்கிறது, ஐ.நா. மனித உரிமைப் பேரவையிலும் பிற நாட்டு நீதிமன்றங்களிலும் அதை எடுத்துக்காட்டலாம். விசா இதில் ஒரு சாக்குத்தான், காரணம் எழுதிய அந்தப் பத்திதான் சரக்கு.

சில வேளைகளில் நடத்தையும் மாறுகிறது. வங்கதேசத்தின் ராப் என்னும் அதிரடிப் படை மீதும் அதன் இந்நாள், முன்னாள் அதிகாரிகள் மீதும் அதே 2021 டிசம்பர் 10 அன்று தடை வந்தது. என்கவுன்டர் என்ற பெயரில் அந்தப் படை நடத்திவந்த கொலைகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அமைதிப்படைப் பணி, வெளிநாட்டுப் பயிற்சி, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மேற்கைச் சார்ந்திருக்கும் படைகளிடம் இது செல்லுபடியாகும். மேற்கோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத மியான்மர் தளபதிகளிடம் செல்லுபடியாகவில்லை. தடை விழுந்த ஒன்றரை ஆண்டில் அவர்கள் ஆட்சியையே கைப்பற்றினார்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி 2018 அக்டோபரில் இஸ்தான்புல் துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான் அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத் துறையின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளியானது. அன்றே 76 சவூதியருக்கு விசாத் தடை விதிக்கப்பட்டது. விசா ஆவணங்கள் இரகசியம் என்று அந்த 76 பெயர்களையும் வெளியிடவில்லை. இளவரசர் மீது நடவடிக்கை இல்லை. எண்ணெயும் ஆயுத வியாபாரமும் உள்ள இடத்தில் காரணம் எழுதும் பேனா தயங்குகிறது.

தயங்குவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. முன்னாள் அதிபர் போல்சொனாரோ மீதான ஆட்சிக் கவிழ்ப்பு வழக்கை நடத்திவந்த பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாண்டர் டி மொராய்ஸின் விசாவை 2025 ஜூலையில் அமெரிக்கா ரத்து செய்தது. அதே மாதம் மாக்னிட்ஸ்கி சட்டத்தின்கீழ் அவர் சொத்துகளையும் முடக்கியது. அதே ஆண்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் மீதும் நீதிபதிகள் சிலர் மீதும், வேறோர் ஆணையின்கீழ், தடைகள் வந்தன. சிறையில் மருந்தின்றி இறந்த ஒரு கணக்காளரின் பெயரைத் தாங்கிய சட்டத்தை, வழக்கு விசாரிக்கும் நீதிபதிக்கு எதிராகத் திருப்பியதை எந்தச் சாக்கு சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை. நம்பத்தகுந்த தகவல் இருந்தால் போதும் என்ற தளர்ந்த அளவுகோலும், எதிர்த் தரப்பைக் கேட்க வேண்டாம் என்ற வசதியும் இதற்கு இடம் கொடுத்தன. செங்கோட்டை வழக்கறிஞர் எழுப்பிய ஆட்சேபம் வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. அதனால் ஒவ்வோர் அறிவிப்பையும் தனித்தனியே படிக்கச் சொல்கிறேன்: எந்த நாளில், எந்த இடத்தில், யாருக்கு என்ன நேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறதா, அதை ஐ.நா. அறிக்கையோ உள்நாட்டுத் தீர்ப்போ தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மிருசுவில் அறிவிப்பு அந்தச் சோதனையில் தேறும். பிரேசில் அறிவிப்பு தேறாது.

வாசகர் ஒருவர், பாறசாலை: யார் யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதை நாமே பார்க்க முடியுமா?

சொத்து முடக்கத்துக்கு உள்ளானவர்களின் பட்டியலை அமெரிக்க நிதித் துறையின் இணையதளத்திலும், பிரிட்டன், கனடா அரசுகளின் தளங்களிலும் பெயரைத் தட்டித் தேடலாம். பணம் செலுத்த வேண்டியதில்லை. பிரிட்டனின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே காரணமும் இருக்கும். 7031(சி) அறிவிப்புகள் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பத்திரிகைச் செய்திகளாக மட்டும் வருகின்றன, அவற்றைத் தேதி வாரியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். வெளியே சொல்லாமல் குறிக்கப்பட்டவர்களின் பெயர் எங்கும் கிடைக்காது. விசா கேட்டுப் போகும் அன்று அவர்களுக்கே தெரியவரும்.